இறக்கத்தில் சாயும் கழுத்து

மாறுகண் அறைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். இரண்டு பேரும் பட்டம் வாங்கியவர்களாம். நல்லது. எனக்குப் பட்டம் இல்லை. பத்தாம் வகுப்பு கணக்கில் நின்றுபோனது. அந்தக் கண் ஆஸ்பத்திரியில் முதலில் தரை துடைத்தேன். பிறகு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டேன். அப்புறம்தான் அந்த அறை. பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன்.

அலமாரியில் பச்சை அட்டை போட்ட நோட்டுகள் இருக்கும். அதில் ஒன்றில், ஒரு பக்கத்தில், ‘காசிம், ஜீப் டிரைவர், கண் தசை சரி’ என்று என் கையெழுத்து இருக்கும். அது தவறு. வேறு யாருடைய தவறும் இல்லை, என்னுடையது. யாராவது அதை உங்களுக்குக் காட்டிச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் எழுதுகிறேன்.

காசிம் கம்பத்துக்காரர். அப்போது நாற்பது வயது இருக்கும். காலையில் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி ஏலத்தோட்டத்தில் விடுவார். சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். பதினான்கு பேர். காய் எடுக்கிற மாதத்தில் பதினாறு. ஒரு ஜீப் அத்தனை பேரைக் கொள்ளுமா என்று கேட்காதீர்கள். கொள்ளாது.

ஒரு நாள் பைக்கில் போகும்போது மணலில் சறுக்கி விழுந்து தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தார். தையல் இல்லை, எலும்பு முறிவு இல்லை. அனுப்பிவிட்டார்கள். ஜீப்புக்குச் சொந்தக்காரர்தான் அந்தத் தோட்டத்துக்கும் முதலாளி. மறுபடி வண்டியைக் கொடுக்கும் முன்னால், கண் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வா என்றார். அப்படித்தான் காசிம் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அன்று கூட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். காசிமைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. விரலைக் காட்டினேன். மேலே, கீழே, பக்கத்தில். “ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுதான் நர்சம்மா.”

நான் நர்ஸ் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அவர் பேசும்போது தலையை இடது பக்கம் சாய்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் குரல் சின்னக் குரல். என்னோடு பேசுகிற எல்லோரும் காதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் புருஷனும் அப்படித்தான். இவரும் காது கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ‘தசை சரி’ என்று எழுதினேன். அதைப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். காசிம் சீட்டை வாங்கிக்கொண்டு, “அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தது மதுரையிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். ஒரே வருடம் இருந்தாள். கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் ஒன்றை மட்டும் திட்டித் திட்டிச் சொல்லுவாள். தலையைப் பிடிக்காமல் கண்ணைப் பார்க்காதே. தலை கண்ணுக்காகப் பொய் சொல்லும். அன்று நான் தலையைப் பிடிக்கவில்லை. கூட்டம் என்பது காரணம் இல்லை. கூட்டம் தினமும் இருக்கும்.

மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை அமலோற்பவம் வந்தாள். அவளுடைய மகளுக்கு இடது கண் பார்வை மந்தம். நல்ல கண்ணைப் பஞ்சு வைத்து மூடி, மந்தக் கண்ணை வேலை வாங்குகிற வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை கூட்டி வருவாள். ஜமீன் வீட்டில் பிறந்தவள் மாதிரி அதிகாரமாகப் பேசுவாள். செய்வது தோட்டக் கூலி வேலை. காசிம் ஓட்டுகிற ஜீப்பில்தான் போவாள்.

“பள்ளிக்கூடத்துல ஒத்தக் கண்ணின்னு கூப்பிடுறானுகளாம்” என்றாள்.

“நீ என்ன சொன்ன?”

“உன்னக் கூப்பிடுறவன் பேர எழுதிட்டு வா, நான் வந்து அவனுக்கு ரெண்டு கண்ணையும் மூடுறேன்னு சொன்னேன்.”

சிறுமியின் கண்ணைப் பார்த்து முடித்தேன். கிளம்புகிற நேரத்தில் அமலோற்பவம் தானாகச் சிரித்தாள்.

“எங்க ஜீப்புக்காரருக்குச் சாமி வருது நர்சம்மா.”

“என்ன சாமி?”

“பாய்க்கு என்ன சாமின்னு எனக்கென்ன தெரியும். ஏறும்போது கம்பு மாதிரி நேரா உக்காந்து ஓட்டுறாக. இறங்கும்போது மட்டும் கழுத்த இப்பிடிச் சாச்சுக்கிறாக.” இடது தோளில் காது படுகிற மாதிரி சாய்த்துக் காட்டினாள். “நாங்க எல்லாம் பின்னால உக்காந்து அதே மாதிரி சாஞ்சு சாஞ்சு சிரிப்போம்.”

நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“முந்தாநாளு ஒரு வளைவுல பின் சக்கரம் ஓரத்துக் கல்லுல ஏறிருச்சு. கல்லு உருண்டு கீழ விழுகுற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. டயரு வழுக்கிருச்சுன்னாக. ஏன் நர்சம்மா, என்ன?”

உங்களுக்கு இது புத்தகத்தில் இருக்கும். ஆனாலும் சொல்கிறேன். கண்ணைக் கீழே இறக்குகிற தசை ஒன்று. அதற்கு வருகிற நரம்பு நீளமானது, மெல்லியது. தலையில் அடிபட்டால் அதற்குத்தான் முதலில் கேடு. நேராகப் பார்த்தால், மேலே பார்த்தால், ஒன்றுதான் தெரியும். கீழே பார்த்தால் இரண்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கழுத்து தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மெட்டு ஏறுகிறவன் மேலே பார்க்கிறான். இறங்குகிறவன் கீழே பார்க்கிறான். கொண்டை ஊசி வளைவில் உடம்பு ஆடும்போது தலையைச் சாய்த்தே வைத்திருக்க முடியாது. அந்த நேரத்தில் அவருக்கு இரண்டு ரோடு. ஒன்றில் ரோடு இருக்கிறது. இன்னொன்றில் பள்ளம்.

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் நல்ல டாக்டர். கெட்டவர் என்று எழுத மாட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார்.

“ஒரு பொம்பளை சிரிச்சுக்கிட்டே சொன்னதை வச்சு நாம ஒண்ணும் பண்ண முடியாது ராஜாத்தி. ஆளு வரட்டும். முதலாளிக்குச் சொல்லி அனுப்புறேன். திங்கக்கிழமை பார்ப்போம்.”

“நாளைக்கு இறங்கணும் சார். நாளான்னைக்கும் இறங்கணும்.”

“அதுக்கு?”

“பதினாறு பேரு சார்.”

“நாம ஆஸ்பத்திரி. போலீஸ் இல்ல. போ, வேலையைப் பாரு.”

வேலையைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு டூட்டி முடிந்ததும் காசிம் வீட்டைத் தேடிப் போனேன். எதையும் முதலில் ஆளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அது மரியாதை. அவர் அப்போதுதான் வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். பெண் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ளே படித்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

“எனக்கு ஒண்ணுதான் தெரியுது” என்றார்.

“இறக்கத்துலயும் ஒண்ணா?”

“கழுத்துல சுளுக்கு. விழுந்ததுல இருந்து இருக்கு. தைலம் போடுறேன்.”

“சுளுக்குன்னா ஏறும்போதும் சாயணும்ல.”

அவர் எழுந்துவிட்டார். “நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீக, சரின்னு? அன்னைக்குச் சரி, இன்னைக்குச் சரியில்லையா? வண்டி இல்லாட்டி எனக்கு வேற என்ன தெரியும்? இருவது வருசமா அந்த ரோடு. கண்ண மூடிட்டு இறங்குவேன்.”

“அதத்தான் செய்யிறீக” என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது. “டீயக் குடிச்சிட்டுக் கிளம்புங்க” என்றார். நான் குடிக்காமல் வந்தேன்.

வரும் வழியில் யோசித்தேன். டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். காசிம் பொய் சொல்கிறார். அந்தப் பெண்களுக்கு விஷயமே தெரியாது. பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருகிறார்கள். தெரிந்தவள் நான் ஒருத்தி. அதிலும் ‘சரி’ என்று எழுதினவளும் நானே. வேறு யாராவது எழுதியிருந்தால் திங்கட்கிழமை வரை பொறுத்திருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன். மெட்டு ரோடு பிரிகிற இடம். நான்கைந்து ஜீப் நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். காசிம் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அண்ணே, இங்கன வச்சு வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க. அரை மணி நேரம்” என்றேன்.

“நேரமில்ல.”

“அப்ப இங்கனயே பாத்துருவோம்.”

ஜீப்பின் மேலே மூட்டை கட்டுகிற கயிறு கிடந்தது. எடுத்தேன். ரோட்டுக்குக் குறுக்கே நீட்டிப் போட்டேன். “இந்தக் கயித்து மேல பெருவிரல வைங்க. வச்சிட்டீகன்னா நான் போயிருறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

மற்ற டிரைவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் விசிலடித்தான். “என்ன பாய், காலங்காத்தால கோடு தாண்டி விளையாட்டா?” என்றான்.

வராமல் போயிருந்தால் பயந்துவிட்டார் என்பார்கள். அதற்காகவே காசிம் வந்தார். தலையைச் சாய்த்துக்கொண்டு வந்து, சரியாகக் கயிற்றின் மேல் பெருவிரலை வைத்தார். “போதுமா?” என்றார். டிரைவர்கள் கை தட்டினார்கள்.

“போதாது” என்றேன். “தலைய நேரா வச்சுக்கிட்டு வைங்க.”

நேராக வைத்தார். கீழே பார்த்ததும் தலை தானாகச் சாய்ந்தது. மறுபடி வைத்தார். மறுபடி சாய்ந்தது. நான் பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் இதை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ரோட்டில் அப்படி இல்லை. நான் வேறொருவர் வீட்டுப் பெண். அவர் தொழுகிற ஆள். நாலு பேர் பார்க்க ஒருத்தி தலையைப் பிடிக்கிறாள். “தலை பிடிச்சு விடுறாகளா பாய்? எண்ணெய் இருக்கா?” என்று அந்த விசிலடித்தவன் கேட்டான். என் காது சுட்டது. கையை எடுக்கவில்லை.

“அமலோற்பவம், முன்னால வந்து நில்லு. கண்ணு ரெண்டும் திறந்திருக்கான்னு பாத்துச் சொல்லு.”

அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “வலது கண்ண மூடுறாக நர்சம்மா.”

“திறக்கச் சொல்லு.”

“அண்ணே, திறங்க. ஏமாத்தாதீக.”

திறந்தார். நான் தலையை விடவில்லை. “இப்ப வைங்க” என்றேன்.

அவர் வலது காலைத் தூக்கினார். கால் தூக்கினபடி நின்றது. கொஞ்சம் முன்னால் போனது. கொஞ்சம் பின்னால் வந்தது. அவர் கழுத்து நரம்பு என் உள்ளங்கையில் துடிப்பது தெரிந்தது. பிறகு மிகவும் மெல்ல, எனக்கும் அமலோற்பவத்துக்கும் மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார்.

“எந்தக் கயித்துல?”

நான் கையை எடுத்துவிட்டேன். அவர் காலைக் கீழே வைத்தார். போய் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

அமலோற்பவம் நேரே ஜீப்புக்குப் போனாள். உள்ளே வைத்திருந்த தன் தூக்குவாளியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு ரோட்டில் நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எடுத்தாள். பிறகு எல்லோரும். தூக்குவாளிகள் ஒன்றோடு ஒன்று இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தோட்டத்துக் கங்காணி ஓடிவந்தான். “என்னத்தா இது, நேரமாச்சு! ஏறுங்கடி!”

“நீ ஏறு” என்றாள் அமலோற்பவம். “ஏறிப் போயி, சாயங்காலம் நீயே இறங்கி வா. வந்துட்டேன்னா நாளைக்கு நாங்க ஏறுறோம்.”

அவன் ஏறவில்லை.

அன்றைய வேலை அந்தப் பெண்களுக்குப் போனது. என்னால்தான் போனது. அதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மணிக்கு டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தோட்ட முதலாளி உட்கார்ந்திருந்தார். காசிமையும் கூட்டி வந்திருந்தார். முதலாளிதான் நம் ஆஸ்பத்திரி முகாமுக்கெல்லாம் பந்தல் போட்டுக் கொடுப்பவர். அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துப் பேசினார்.

“பத்தாவது பாஸாகாதவ நடுரோட்டுல வச்சு என் டிரைவர் தலையப் பிடிக்கிறா. ஊரே சிரிக்குது. காய் பழுத்துக் கொட்டுது, எடுக்க ஆளு இல்ல. இவ தப்பாச் சொன்னேன்னு எழுதிக் குடுக்கட்டும். நான் பொம்பளைககிட்டக் காட்டுறேன்.”

“எழுத மாட்டேன்” என்றேன்.

“உன்ன நான் கேக்கல.”

“நான்தான எழுதணும். அதான் சொல்றேன்.”

டாக்டர் என்னை முறைத்தார். பிறகு எழுந்து, காசிமை உட்கார வைத்துத் தானே பார்த்தார். தலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் கை கழுவிவிட்டு முதலாளியிடம், “வண்டி ஓட்டக் கூடாது. மதுரைக்கு அனுப்புறேன்” என்று மட்டும் சொன்னார். முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். காசிம் வாசல் வரை போய்த் திரும்பினார்.

“நாலு பேரு முன்னால வச்சுக் கேட்டேல்ல” என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிவந்தார்.

கேட்டேன்தான்.

எல்லோரும் போனபின் டாக்டர் கதவைச் சாத்தினார். குரல் தணிந்திருந்தது. “ராஜாத்தி, அந்த முதல் பக்கத்த எடுத்துட்டு வேற பக்கம் எழுதி ஒட்டிரு. நாளைக்கு யாராவது கேட்டா, ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரு. உனக்கும்தான்.”

“முதல்ல எழுதினது தப்பு சார். ரெண்டாவது சரி. ரெண்டுமே நான்தான். ரெண்டும் இருக்கட்டும்.”

“உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

“அதக் கிழிச்சா, இதையும் யாரும் நம்ப மாட்டாக சார்.”

மறுநாள் என்னை வாசலில் சீட்டு எழுதுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். பெயர், ஊர், வயது. எழுதினேன். பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். எனக்குப் பரிதாபம் வேண்டியிருக்கவில்லை. கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

முதலாளி வேறு டிரைவரை வைத்தார். பெண்கள் ஏறவில்லை. அந்தப் புது ஆளைப் பார்த்து, “நீ நர்சம்மாட்டத் தலையக் காட்டுனியா?” என்று கேட்டார்களாம். “நான் எதுக்குத் தலையக் காட்டணும்?” என்றானாம். “அப்ப நாங்க எதுக்கு ஏறணும்?” என்று வேறு தோட்டத்து வண்டிகளைத் தேடிப் போய்விட்டார்கள். அங்கேயும் அதே கேள்வி. கூடலூர் ஜீப்புகள் வரைக்கும் அந்தக் கேள்வி போனது. ஒரு வாரத்தில் டிரைவர்கள் ஒவ்வொருவராக என் மேஜைக்கு வர ஆரம்பித்தார்கள். விசிலடித்தவனும் வந்தான்.

“தலையப் பிடிக்கணுமாம்ல” என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

“பேரு, ஊரு, வயசு சொல்லு.”

“எண்ணெய் வைக்கல இன்னைக்கு.”

“பரவாயில்ல. பாக்குறவ கை கழுவிக்கிருவா.”

நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மாறுகண் அறையில் எனக்குப் பதில் வேறு ஒருத்தி இருந்தாள். அவள் பார்த்துக் கொடுத்தாலும் பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நானே பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்றார்கள். ஏன் என்று அமலோற்பவத்திடம் கேட்டேன்.

“தப்ப ஒத்துக்கிட்டது நீ ஒருத்திதான். மத்தவுக தப்புப் பண்ணா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

ஆள் ஏறாத ஜீப்பை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்துத் தோட்ட முதலாளியே டாக்டரிடம் வந்து என்னை மறுபடி அந்த அறையில் போடச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தல் அந்த வருடமும் போட்டுக் கொடுத்தார்.

காசிமுக்கு அந்த நரம்பு தானாகத் திரும்பவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு மதுரையில் ஆப்பரேஷன் செய்தார்கள். அதுவரை ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்கினார் என்று கேள்விப்பட்டேன். ஸ்டியரிங் பிடித்த கை. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போய்ப் பார்க்கவில்லை. போனால் ஆறுதல் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்கிற உரிமை எனக்கு இல்லை.

ஆப்பரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் வந்தார். மதுரைச் சீட்டு கையில் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. டாக்டரும், “கொடுத்துரு ராஜாத்தி” என்றார். நான் தலையைப் பிடித்துப் பார்த்தேன். கடைசிக் கோடியில், நன்றாகக் கீழே பார்க்கும்போது, இன்னும் இரண்டு இருந்தது.

“இன்னும் கொஞ்ச நாளாகட்டும்ணே.”

அவர் மேஜையில் ஓங்கி அடித்தார். என் பென்சில்கள் எல்லாம் உருண்டன. “இன்னும் எத்தன பேரு முன்னால நான் நிக்கணும்?” என்றார். மனைவி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். டாக்டர் கதவருகில் நின்றிருந்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இது மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். எல்லோரும் கொடு என்பார்கள். பெரிய இடத்துச் சீட்டு கையில் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு நீங்கள் ஏற்கெனவே ஒரு கெடுதல் செய்திருப்பீர்கள். அதைச் சரிக்கட்ட இதைக் கொடுத்துவிடலாம் என்று மனசு சொல்லும். கொடுக்காதீர்கள். நாம் அவனுக்குப் பட்ட கடனைப் பின்னால் உட்காருகிற பதினாலு பேரை வைத்து அடைக்கக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். தனியாக வந்தார். உட்கார்ந்தார். தலையைப் பிடித்தேன்.

“எத்தன?”

“ஒண்ணு.”

“கீழ?”

“ஒண்ணு.”

“இன்னும் கீழ?”

“ஒண்ணு.”

நான் வேறு மூன்று விதமாகப் பார்த்தேன். பொய் இல்லை. ஒன்றுதான். ‘தசை சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இத வச்சு நான் என்ன பண்ண?” என்றார். “அந்தப் பொம்பளைகளுக்குப் படிக்கத் தெரியுமா? அன்னைக்கு நீ பேப்பர்லயா எழுதின?”

“என்ன செய்யணும்ணே?”

“எங்க வச்சுச் சொன்னியோ அங்கன வந்து சொல்லு. அதே ஆளுக முன்னால.”

அவர் கேட்டது சரி. அதற்கு மறுபேச்சு இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. முதலாளி வண்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார், அதே ஜீப். பெண்கள் நின்றிருந்தார்கள். டிரைவர்கள் நின்றிருந்தார்கள். காசிம் வண்டியில் கை வைத்து நின்றார். நடு ரோட்டில் நின்று பேசுவது எனக்குப் பழக்கமில்லை. கத்தித்தான் சொன்னேன்.

“இவுக கண்ணு இப்பச் சரியா இருக்கு. நான் நேத்துப் பாத்தேன். முதல் தடவ நான் பாத்ததுதான் தப்பு. அது இவுக தப்பு இல்ல.”

“கீழயும் பாத்தியா நர்சம்மா?” என்றாள் அமலோற்பவம்.

“பாத்தேன்.”

“நல்லாக் கீழ?”

“நல்லாக் கீழ.”

அவள் காசிமைப் பார்த்தாள். “அண்ணே, ரெண்டு ரோட்டுல எங்கள எதுல கூட்டிட்டுப் போகப் போறீக?”

டிரைவர்கள் சிரித்தார்கள். காசிம் சிரிக்கவில்லை. “ஏறுறதுன்னா ஏறு. வாய் பேசுனேன்னா நடந்து வா” என்றார்.

“ஆத்தாடி, பழைய ஆளுதான் வந்திருக்காக” என்று சொல்லிவிட்டு அவள்தான் முதலில் ஏறினாள். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். பதினாறு பேர். எண்ணினேன்.

காசிம் வண்டியை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. வண்டி மெட்டு ரோட்டில் திரும்பி மறைகிற வரை நின்றேன். எட்டு மணிக்கு எனக்கு டூட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்கு டூட்டி முடிந்து மறுபடி அங்கே வந்து நின்றேன். ஆறேகாலுக்கு ஜீப் இறங்கி வந்தது. பதினாறு பேரும் இறங்கினார்கள். எண்ணிவிட்டு வீட்டுக்குப் போனேன்.